பத்தாவது முடிச்ச பொண்ணோட சம்மர் ரீடிங்: மூணு வாரத்துல முக்கி முனகி முடிச்ச கதை

ஜூன்ல ஸ்கூல் மூடின அன்னைக்கே மெயில் வந்துருச்சு. இங்க அமெரிக்காவுல ஹைஸ்கூல்ல புள்ள வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், லீவுன்னு பேருதான், இங்கிலீஷ் டீச்சர் ஒரு லிஸ்ட் கொடுத்து அனுப்பிருவாங்க. எங்க பொண்ணு பதினொன்னாவதுல ஹானர்ஸ் இங்கிலீஷ், அதாவது கொஞ்சம் கஷ்டமான கிளாஸ், எடுத்திருந்தா, அதனால ரெண்டு புக்கு. ஒன்னு கட்டாயம், மேரி ஷெல்லி எழுதின ஃபிராங்கன்ஸ்டைன். இன்னொன்னு லிஸ்ட்ல இருந்து அவளே எடுத்துக்கலாம், அதுக்கு எதுவும் எழுத வேணாம். கட்டாய புக்குக்கு மட்டும் டயலெக்டிகல் ஜர்னல்னு ஒன்னு எழுதணும், அதாவது பக்கத்தை ரெண்டா பிரிச்சு இடது பக்கம் புக்குல இருந்து ஒரு வரி, பக்க நம்பரோட, வலது பக்கம் அதைப் பத்தி நீ என்ன நினைக்கிறன்னு. இப்படி 20 என்ட்ரி. கதைச் சுருக்கம் எழுதக்கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தாங்க. ஸ்கூல் திறந்த முதல் வாரமே கிளாஸ்ல உக்கார வச்சு 45 நிமிஷத்துல ஒரு எஸ்ஸே வேற.

ரெண்டரை மாசம் இருக்கேன்னு நானும் விட்டுட்டேன், அவளும் விட்டுட்டா. ஜூலை போச்சு. ஆகஸ்ட் முதல் வாரத்துல ஒரு நாள் "எத்தனை என்ட்ரி ஆச்சும்மா"ன்னு கேட்டா "ஆரம்பிச்சுட்டேன்பா"ன்னா. அந்த ஆரம்பிச்சுட்டேன்பாவுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா, நானும் அப்படி சொல்லித்தானே வளந்தேன். எடுத்துப் பாத்தா ரெண்டு என்ட்ரி. அதுலயும் ஒன்னு, "இவன் சோகமா இருக்கான்னு இது காட்டுது". அவ்ளோதான்.

திட்டலாம்னு வாயைத் திறந்தேன், அப்புறம் யோசிச்சேன், நான் அந்த புக்கைப் படிச்சிருக்கேனா? இல்ல. தமிழ் மீடியம், இங்கிலீஷ்னா பரீட்சைக்குக் கோனார் நோட்ஸ மனப்பாடம் பண்ணிட்டுப் போற ஆளு நான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவள சம்மரி சைட் பாக்காதன்னு சொல்றது. சரி, நானும் கூட உக்காந்து படிக்கிறேன்னு சொல்லிட்டேன். பாதி வீம்புல சொன்னதுதான்.

கணக்குப் போட்டோம். 4 லெட்டர், 24 சாப்டர், மொத்தம் 28. ஒரு நாளைக்கு ரெண்டுன்னா 14 நாள், கையில இருந்தது 21 நாள், ஒரு வாரம் எழுத. நல்லாத்தான் இருந்துச்சு கணக்கு.

முதல் மூணு நாள் அந்த லெட்டர்லயே போச்சு. மான்ஸ்டர் கதைன்னு உக்காந்தா, வடதுருவத்துக்குக் கப்பல்ல போற வால்டன்னு ஒருத்தன் தன்னோட சகோதரிக்கு லெட்டர் எழுதிக்கிட்டே இருக்கான். "மான்ஸ்டர் எப்பப்பா வரும்"னு இவ கேக்குறா, எனக்கு மட்டும் என்ன தெரியும். இன்னொன்னு, ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிறது மான்ஸ்டர் பேரு இல்ல, அதைச் செஞ்ச விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனோட பேருன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது, அந்த ஜந்துவுக்குக் கடைசி வரைக்கும் பேரே கிடையாது.

நாலாவது நாள்தான் பெரிய கூத்து. டீச்சர் கொடுத்த தாள்ல "11ல இருந்து 16 சாப்டருக்குள்ள குறைஞ்சது 6 என்ட்ரி வேணும்"னு இருந்துச்சு. இவ "அப்பா, என் புக்குல சாப்டர் 11 இல்லவே இல்ல"ங்கிறா. போன்ல ஓசில டவுன்லோட் பண்ணது. நான் லைப்ரரில எடுத்து வச்சிருந்த காப்பில 24 வரைக்கும் இருக்கு. இவளுதுல சாப்டர் 1 மூணு தடவை வருது! கொஞ்ச நேரம் ரெண்டு பேருக்கும் மண்டை காஞ்சு போச்சு. அப்புறம் தேடிப் பாத்தா, இந்த நாவலுக்கு ரெண்டு வெர்ஷன் இருக்கு. 1818ல முதல்ல வந்தது மூணு வால்யூமா, ஒவ்வொரு வால்யூம்லயும் திரும்ப ஒன்னுல இருந்து சாப்டர் நம்பர். அப்புறம் மேரி ஷெல்லியே திருத்தி 1831ல போட்டது ஒரே புக்கா 24 சாப்டர். டீச்சர் தாள் 1831க்கு, இவ படிச்சது 1818.

நம்பர் மட்டும் மாறலீங்க, கதையே கொஞ்சம் மாறுது. விக்டர் கட்டிக்கப்போற எலிசபெத் 1818ல அவனோட அப்பாவோட கூடப் பொறந்தவ பொண்ணு. 1831ல எடுத்து வளத்த அநாதைப் பொண்ணு. இவ அதுக்குள்ள "கசினைப் போய் கல்யாணம் பண்றாங்க, சீ"ன்னு ஒரு என்ட்ரியே எழுதி வச்சிருந்தா. எனக்குச் சிரிப்பு தாங்கல, அத்தை பொண்ணுதானேம்மா, முறைப்பொண்ணுன்னு சொன்னேன், நம்ம குடும்பத்துலயே யார் யார் அப்படின்னு எண்ணிக் காட்டினதும் ஆளு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அந்த என்ட்ரிய அடிக்க வேண்டியதாப் போச்சு, டீச்சர் காப்பில அந்த உறவே இல்லையே. அதனால முதல் வேலையா எந்த எடிஷன்னு கேட்டுருங்க. கேக்க மறந்துட்டா, மூணு வால்யூமா பிரிச்சு நம்பர் திரும்பத் திரும்ப ஒன்னுல ஆரம்பிச்சா 1818ன்னு வச்சுக்கலாம்.

அன்னைக்கே அவளுக்கும் 1831 பேப்பர் காப்பி ஒன்னு வாங்கிட்டோம். அது ஒரு நல்லதாப் போச்சு. போன்ல படிக்கிறப்ப ஹைலைட் பண்றேன்னு பக்கம் பூரா மஞ்சளாக்கி வச்சிருந்தா, எல்லாமே மஞ்சள்னா எதைத்தான் எடுக்கிறது. இப்போ ஸ்டிக்கி நோட், ஒரு சாப்டருக்கு ரெண்டுதான், மூணாவது ஒட்டணும்னா ஒன்னைப் பிச்சு எடுக்கணும். அதுலயே பாதி யோசனை நடந்துருச்சு. ஆடியோபுக்கும் லைப்ரரி ஆப்ல கிடைச்சுது, அதை ஓட விட்டுக்கிட்டே கண்ணால ஃபாலோ பண்ணா அரைப்பக்க நீள வாக்கியம்லாம் புரியுது. சும்மா கேட்டா தூங்கிடுறா. நானும்தான்.

எனக்கு புக்கு ஒட்டினது சாப்டர் 11ல இருந்துதான், அந்த ஜந்துவே பேச ஆரம்பிக்கிற இடம். ஒரு குடிசைக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு, பலகைச் சந்து வழியா உள்ள இருக்குற குடும்பத்தைப் பாத்துப் பாத்தே பாஷை கத்துக்குது. முதல்ல பிடிபடுற வார்த்தை என்ன தெரியுமா, நெருப்பு, பால், ரொட்டி, விறகு. நல்ல, அன்பான, சந்தோஷமில்லாத, இந்த மாதிரி வார்த்தைங்க காதுல விழுது ஆனா அர்த்தம் புரியல. படிச்சுட்டு புக்கை மூடி வச்சுட்டேன். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன், கேண்டீன்ல பக்கத்து டேபிள்ல பேசுறதை ஒட்டுக் கேட்டு, வீட்டுக்கு வர்ற வழியில சொல்லிப் பாத்துக்கிட்டு. பொருளுக்கெல்லாம் வார்த்தை சீக்கிரம் வந்துருச்சு. ஜோக்குக்கு மட்டும் எப்ப சிரிக்கணும்னு ரொம்ப நாள் பிடிபடல. இதை அவகிட்ட சொன்னேன், "நீங்களாப்பா?"ன்னு ஒரு மாதிரி பாத்தா.

அதுக்கப்புறம்தான் அவ என்ட்ரியெல்லாம் மாற ஆரம்பிச்சுது. ஒரு நாள் ராத்திரி பல்லு விளக்கிக்கிட்டே நுரையோட ஓடி வர்றா, "அப்பா, வால்டன் லெட்டர்ல எனக்கு ஒரு ஃபிரெண்டு இல்லைன்னு எழுதுறான்ல, சாப்டர் 17ல இதுவும் எனக்கு ஒரு துணை செஞ்சு கொடுன்னு விக்டர்கிட்ட கேக்குது, ரெண்டும் ஒன்னுதானே?" அந்த அறுவை லெட்டர் எதுக்குன்னு எனக்கும் அப்பதான் புரிஞ்சுது. துப்பிட்டு வந்து எழுதுன்னேன்.

ஆனா ஒன்னு சொல்லியே ஆகணும், 20 என்ட்ரி அதிகம். 12ல நிறுத்தியிருந்தா பன்னெண்டும் உருப்படியா இருந்திருக்கும், கடைசி ஆறு என்ட்ரி எண்ணிக்கைக்காக எழுதினதுன்னு எனக்கே தெரியுது, டீச்சருக்குத் தெரியாதா. படிக்க வைக்கணும்னு கொடுக்கிற வேலை படிக்கிறதையே கெடுக்குது.

அந்தக் கடைசி ஆறு என்ட்ரிக்கு அவள உக்கார வச்சது புக்கு இல்ல, புக்கு வந்த கதை. 1815ல இந்தோனேஷியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தச் சாம்பலால அடுத்த வருஷம் ஐரோப்பாவுல கோடையே சரியா வரல, குளிரு, மழை. ஜெனீவா ஏரிப் பக்கம் தங்கியிருந்த மேரியோட கும்பல் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னு அதுல இருந்த கவிஞர் பைரன் சொல்ல, அதுல ஆரம்பிச்சதுதான் இது. அப்போ மேரிக்கு வயசு 18. "என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவ"ன்னா. அதுக்கப்புறம் ஒரே ராத்திரில நாலு எழுதினா.

எஸ்ஸேல, கதையில நடந்த கொலைக்கெல்லாம் யார் பொறுப்புன்னு கேட்டிருந்தாங்களாம், இவ அந்தப் பலகைச் சந்தை வச்சு எழுதிட்டு வந்தா, A மைனஸ். ஜர்னல்ல நாலு மார்க் போச்சு, போன்ல படிச்சப்ப எழுதின என்ட்ரி ரெண்டுல பக்க நம்பருக்குப் பதிலா போன் காட்டுற பர்சென்ட்டைப் போட்டிருந்ததை நாங்க ரெண்டு பேருமே கவனிக்கல.

அந்த ரெண்டாவது புக்கு? எழுத வேணாம்னு சொன்னாங்கல்ல, இன்னும் டேபிள் மேலதான் கிடக்கு, 41ம் பக்கத்துல ஒரு ஸ்டிக்கி நோட்டோட. நான் 90ல இருக்கேன்.