இறாலும் உண்டு, தசமபாகமும் உண்டு என்றால்…

"பன்றிக்கறி சாப்பிடலாமா?" என்று கேட்டால், "அதெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம்" என்று பதில் வரும். அதே பிரசங்க பீடத்திலிருந்து அடுத்த ஞாயிறு மல்கியா 3:8-10 முழங்கும்: பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான். இரண்டும் மோசே வழியாக வந்த ஒரே நியாயப்பிரமாணத்தில்தான் (யூதர் தோரா என்பது இதைத்தான்) இருக்கின்றன. ஒன்று முடிந்துபோனது, மற்றது நடப்பில் இருக்கிறது என்று எதை வைத்துப் பிரித்தார்கள்? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்த விசுவாசி தோராவை உடன்படிக்கைச் சட்டமாகக் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்ல. "பழசாகிவிட்டது" என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. எந்தக் கட்டளை யாருக்கு, எந்த நிலத்தில், எந்த ஆலய ஏற்பாட்டுக்குள் கொடுக்கப்பட்டது என்பதைத் தோராவே சொல்லிவிடுகிறது. கடிதத்துக்கு விலாசம் இருப்பதுபோல ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விலாசம் உண்டு. நம் ஆட்கள் உறையைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வாசிக்கிறார்கள்.

யூத மரபு தோராவில் 613 கட்டளைகளை எண்ணுகிறது. செய்ய வேண்டியவை 248, செய்யக் கூடாதவை 365. பலியும் ஆலயப் பணியும் சார்ந்தவை எல்லாம் கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு நின்றுபோயின. விளைச்சல் சார்ந்த பல கட்டளைகள் இஸ்ரவேல் நிலத்துக்கு மட்டும் உரியவை. சாஃபெட்ஸ் ஹைம் என்று அறியப்பட்ட ரப்பி (யூத மதகுரு), ஆலயம் இல்லாத இக்காலத்தில் கைக்கொள்ளக் கூடியவற்றைத் தனியாகப் பட்டியலிட்டார். 77 விதிகள், 194 விலக்குகள், ஆக 271. ஆச்சாரமான யூதரே 613-ஐயும் கைக்கொள்ள முடியாது. "நான் தோராவை முழுக்கக் கடைப்பிடிக்கிறேன்" என்று கிளம்புகிற கிறிஸ்தவர் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

விலாசம் என்றேனே, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உபாகமம் 14:21-இன்படி தானாய்ச் செத்ததை இஸ்ரவேலன் சாப்பிடக் கூடாது. ஆனால் வாசல்களில் குடியிருக்கும் பரதேசிக்கு அதைக் கொடுக்கலாம், அந்நியனுக்கு விற்கலாம். ஒரே இறைச்சி, ஆளுக்கு ஒரு விதி. யாத்திராகமம் 12:48 விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்கா பண்டிகையின் பலியைப் புசிக்கக் கூடாது என்கிறது. லேவியராகமம் 17, 18-ஆம் அதிகாரங்களோ "இஸ்ரவேலரும் உங்களுக்குள் தங்கும் அந்நியரும்" என்று இரு சாராரையும் சேர்த்தே கட்டுகின்றன.

இந்த இரண்டு அதிகாரங்கள்தான் அப்போஸ்தலர் 15-க்குச் சாவி. கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய சபைக்கு முன் இருந்த கேள்வி நம் கேள்வியேதான்: புறஜாதியார் விருத்தசேதனம் செய்து, மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா? வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அந்தியோகியாவுக்குப் போன கடிதத்தில் நான்கு விலக்குகள் மட்டும் இருந்தன: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். லேவியராகமத்தில் அந்நியரையும் கட்டுகிற விதிகளை வரிசையாகப் பாருங்கள். 17:8-இல் பலி, 17:10-இல் இரத்தம், 17:13 முதல் இரத்தம் சிந்தாமல் செத்ததைப் பற்றிய விதி, 18-இல் தகாத உறவுகள். கடிதத்தில் உள்ள வரிசையும் (15:29) இதுதான். அந்தத் தீர்ப்பை முன்வைத்த யாக்கோபு ஏதோ நான்கை ஆங்காங்கே பொறுக்கவில்லை. இஸ்ரவேலுக்குள் தங்கும் வேற்று மனிதனுக்குத் தோரா எதை விதித்ததோ அதையே அவர் கொடுத்தார் என்பதே எனக்குச் சரியாகப்படும் விளக்கம்.

யூத விசுவாசிகள் தோராவை விட்டுவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அப்போஸ்தலர் 21:20-இல் எருசலேமின் விசுவாசிகள் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியம் உள்ளவர்கள் என்று சொல்லப்படுகிறது. பவுலே அங்கே சுத்திகரிப்புச் சடங்கில் கலந்துகொள்கிறார். தாய் யூதரான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்த அவர், கிரேக்கரான தீத்துவுக்கு அதைச் செய்ய இடம் கொடுக்கவில்லை. கலாத்தியர் 5:3-ஐ இதோடு சேர்த்து வாசியுங்கள்: விருத்தசேதனம் பண்ணிக்கொள்கிற எவனும் நியாயப்பிரமாணம் முழுவதையும் நிறைவேற்றக் கடனாளி. பாதி எடுத்துக்கொள்வதற்குப் பவுல் வழி வைக்கவில்லை.

இனி அடுப்படிக்கு வருவோம். நான்கில் இரத்தம்தான் நம் ஊரில் நேராக வந்து மோதுவது. ஆட்டை அறுக்கும்போது இரத்தத்தைச் சட்டியில் பிடித்து, உறையவிட்டு, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரிப்பது பல கிறிஸ்தவ வீடுகளில் சாதாரணம். அப்போஸ்தலர் 15-ஐ எழுத்துப்படி எடுத்தால் இரத்தப் பொரியலுக்கு இடமே இல்லை. சபை வரலாற்றில் இது இரண்டு வழியாகப் போயிற்று. கிழக்கில் 692-இல் கூடிய துருல்லோ சங்கம் (சபைத் தலைவர்களின் கூட்டம்) இரத்தம் உண்பதைத் தடைசெய்தது. மேற்கில் அகுஸ்தீன் காலத்திலேயே அந்தத் தடை வழக்கொழிந்திருந்தது. 1442-இல் புளோரன்ஸ் சங்கம், யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்காருவதற்காகத் தரப்பட்ட விதி அது, தேவை தீர்ந்ததும் விதியும் தீர்ந்தது என்றது. எனக்கு இந்த வாதம் முழுத் திருப்தி தரவில்லை. "இரத்தம் வேண்டாம்" என்பது மோசேக்கு முன்பே, ஆதியாகமம் 9:4-இல், நோவாவிடம் சொல்லப்பட்டது. விலக்குகிறவர்களைக் கேலி செய்யாதிருப்பதே நியாயம்.

விலக்குகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாக்கெட் இறைச்சியின் அடியில் தேங்கும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்துப் பதறுவார்கள். பெரும்பாலும் அது தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர்தான். கழுத்தை அறுத்துத் தொங்கவிட்டு வடித்தாலே பெரும்பகுதி இரத்தம் போய்விடும். யூத முறை இதற்கும் மேலே போகிறது: அரை மணி நேரம் தண்ணீரில் ஊறல், பிறகு நீர் வடியும்படி சாய்ந்த பலகையில் வைத்து எல்லாப் பக்கமும் கல்லுப்பு தூவி ஒரு மணி நேரம், கடைசியாக மூன்று முறை அலசல். தூள் உப்பு கரைந்து ஓடிவிடும், இரத்தத்தை இழுக்காது. மிகப் பெரிய கல்லாக இருந்தாலோ இறைச்சியில் ஒட்டாமல் உருண்டு விழும். ஈரலுக்கு உப்பு போதாது என்று நெருப்பில் வாட்டுகிறார்கள். இவை ரப்பிகள் வகுத்த செய்முறை. அப்போஸ்தலரின் கடிதம் இவ்வளவையும் கேட்கவில்லை.

மீன் விஷயம் எளிது. லேவியராகமம் 11:9 சிறகும் (துடுப்பு) செதிலும் கேட்கிறது. மத்தி, நெத்திலி, சங்கரா, வாவல், வஞ்சிரம் தேறும். இறால், நண்டு, கணவாய், கெளுத்தி தேறாது. சுறாவுக்குத் தோலோடு ஒட்டிய முள்போன்ற செதில்தான் இருக்கிறது, தோல் கிழியாமல் அதை எடுக்க முடியாது. அதனால் யூத விதியில் அதுவும் வெளியே, சுறா புட்டும் வெளியே. தயிரில் ஊறிய மட்டன் பிரியாணி? தோராவின் எழுத்து "ஆட்டுக்குட்டியை அதின் தாயின் பாலிலே சமைக்க வேண்டாம்" என்பதோடு நிற்கிறது. எல்லா இறைச்சியையும் எல்லாப் பாலிலிருந்தும் பிரித்தது பிற்கால விரிவு. தோராவைக் கைக்கொள்வதாகச் சொல்பவர்கள் எழுத்தைப் பின்பற்றுகிறார்களா, ரப்பிகளின் விளக்கத்தையா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் கலப்பதில்தான் குளறுபடியே.

உணவு விலக்கு நீங்கியதற்கு, தீட்டான மிருகங்களை அடித்துப் புசி என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்ட அப்போஸ்தலர் 10-இன் தரிசனத்தை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். அங்கே பேதுரு, தீட்டான எதையும் தான் ஒருக்காலும் புசித்ததில்லை என்கிறார். இயேசுவோடு நடந்து, உயிர்த்தெழுதலையும் கண்ட பிறகு சொல்லும் வார்த்தை இது. தரிசனத்தின் பொருளை அவரே 10:28-இல் சொல்லிவிடுகிறார்: எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது. உணவுக்கு ரோமர் 14-உம் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையும்தான் சரியான இடம்.

நியாயப்பிரமாணத்தை ஒழுக்கம், சடங்கு, நீதிநிர்வாகம் என்று மூன்றாகப் பிரிக்கும் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் தெளிவான வடிவம் பெற்றது. சீர்திருத்தச் சபைகள் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் அதை ஏற்றுக்கொண்டன. வகுப்பில் கற்றுக்கொடுக்க வசதியான பிரிவு. ஆனால் லேவியராகமம் 19-ஐத் திறந்தால் கத்தி எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். 18-ஆம் வசனம் பிறனை உன்னைப்போல் நேசி என்கிறது, அடுத்த வசனமே கலந்து நெய்த துணியை விலக்குகிறது. 27-இல் தாடியோரம், 28-இல் பச்சை குத்துதல், 32-இல் நரைத்தவருக்கு முன் எழுந்து நிற்றல். பச்சை குத்துவதைக் கண்டிக்க 28-ஐ எடுப்பவர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நிற்பார். 13-ஆம் வசனத்தை மட்டும் யாரும் எடுப்பதில்லை: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 5:4 இதைக் கடுமையாக எடுத்துப் பேசுகிறது.

தசமபாகத்துக்கு வருவோம். கேள்வி அதிகமும் தெளிவு குறைவுமான இடம் இதுதான். தோராவின் தசமபாகம் தானியம், திராட்சரசம், எண்ணெய், கால்நடை. கூலியாளின் கூலிக்கும் மீனவரின் வலைக்கும் தச்சரின் வருமானத்துக்கும் அதில் விதி இல்லை. மாடும் ஆடும் கோலின்கீழ் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது பத்தாவது பரிசுத்தமானது (லேவியராகமம் 27:32). நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. விளைச்சலைப் பணமாக மீட்க விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும்.

அதுவும் ஒன்றல்ல. முதலாவது, ஆலயப் பணி செய்த, நிலமில்லாத லேவியருக்கு. அதில் பத்தில் ஒன்றை லேவியர் ஆசாரியருக்குக் கொடுத்தார்கள் (எண்ணாகமம் 18:26). இரண்டாவதைக் கொடுத்தவரே குடும்பத்தோடு எருசலேமுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். தூரம் அதிகமானால் விற்றுப் பணமாக்கி, அங்கே போய் ஆடோ மாடோ திராட்சரசமோ மதுவோ, மனம் விரும்புவதை வாங்கிக் கொண்டாடலாம் என்கிறது உபாகமம் 14:26. (இந்த வசனத்தை வைத்து ஸ்தோத்திரக் காணிக்கைக்கு அறைகூவல் விட்டவர் யாருமில்லை.) யூத மரபில் ஏழாண்டுச் சுற்றின் 1, 2, 4, 5-ஆம் ஆண்டுகளில் இந்த இரண்டாவது பங்கு, 3-லும் 6-லும் அதற்குப் பதில் ஏழை, விதவை, அனாதை, பரதேசிக்கான பங்கு. ஏழாம் ஆண்டு நிலம் ஓய்வெடுக்கும், தசமபாகமே இல்லை. ஆக, எழுத்துப்படி போனால் ஆறு ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 20 சதவீதம், ஏழாம் ஆண்டு பூச்சியம்.

"பிடித்தத்துக்கு முன்பா, கையில் வரும் சம்பளத்திலா?" என்ற சண்டை தீராததற்குக் காரணம், மாதச் சம்பளம் அந்த விதியின் கணக்கிலேயே இல்லாததுதான். தசமபாகத்தைக் கொண்டுவாருங்கள் என்று மல்கியா 3:10 சொல்லும் பண்டசாலை ஆலயத்தின் தானிய அறை. லேவியருக்குப் பங்கு வராமல் அவர்கள் வயலுக்குத் திரும்பிப்போன நிலையை நெகேமியா 13:10-இல் பார்க்கலாம். ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போர்க் கொள்ளையிலிருந்து. மிச்சத்தையும் அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஆலயம் நின்றிருந்த காலத்தில் பரிசேயரிடம் இயேசு பேசிய மத்தேயு 23:23-உம் தோட்டத்து மூலிகையைப் பற்றியது. அப்போஸ்தலர் கடிதத்தின் நான்கில் தசமபாகம் இல்லை. பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொன்னார், விழுக்காடு சொல்லவில்லை. பத்து சதவீதத்தைத் தனக்கான ஒழுங்காக ஒருவர் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கடனில் இருக்கும் குடும்பத்தை "சாபம் வரும்" என்று மிரட்டி வாங்குவதற்குத் தோராவில் ஆதாரம் கிடையாது.

ஓய்வுநாளில் நாணயமாக இருந்தவர்கள் நம் மண்ணிலேயே உண்டு. 1857-இல் தென்தமிழகத்து நாசரேத் பகுதியில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை ஐரோப்பிய மிஷனை விட்டுப் பிரிந்து, இந்து கிறிஸ்தவச் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், தூய்மை விதிகள் எல்லாம் அங்கே இருந்தன. மிஷனரியின் வேதாகமத்தை வைத்தே மிஷனரியின் ஞாயிற்றுக்கிழமையைக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது: நாளை மாற்றச் சொல்லும் கட்டளை புதிய ஏற்பாட்டில் இல்லை. ஞாயிறு ஆராதனை பழையது, ஆனால் அதை ஓய்வுநாளாகச் சட்டமாக்கியது 321-இல் கான்ஸ்டன்டைன். ரோமர் 14:5 இரண்டு தரப்பையும் விட்டுவைக்கிறது. இதில் நடைமுறைப் பிசகு எங்கே என்றால், உபாகமம் 5:14 வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் சேர்த்தே ஓய்வு கேட்கிறது. வீட்டு வேலைக்கு வருபவரை ஞாயிறும் வரச்சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போவது எந்த நாள் கணக்கிலும் சேராது.

பெரிய வியாழனன்று பஸ்கா விருந்து நடத்தும் சபைகளுக்கு ஒரு வார்த்தை. சுட்ட ஆட்டுக்குட்டியை மேசையில் வைக்காதீர்கள். பஸ்கா ஆட்டை ஆண்டவர் தெரிந்துகொண்ட இடத்தில் மட்டுமே அடிக்க வேண்டும் (உபாகமம் 16:5-6). பலிபோலத் தோன்றக் கூடாதென்று யூதரிலேயே பலர் அன்று சுட்ட ஆட்டிறைச்சியைத் தவிர்க்கிறார்கள். இன்றைய விருந்தின் முழு ஒழுங்கும் ஆலயம் இடிந்த பிறகு உருப்பெற்றது, அதை "இயேசு இப்படியே செய்தார்" என்று அறிமுகப்படுத்துவது சரியல்ல. புளிப்பில்லா அப்பத்துக்குச் சப்பாத்தி சுடுகிறீர்கள் என்றால் மாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவைக்கும் வழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். யூத விதியில் தண்ணீர் பட்ட மாவு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்த கணக்கு. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, பிசைந்த கையோடு தேய்த்து, ஆங்காங்கே முட்கரண்டியால் குத்தி, காய்ந்த கல்லில் போட்டு எடுத்துவிட வேண்டும்.