கொடைக்கானல் காய்

கொடைக்கானல் சுற்றுலாவிலிருந்து மகள் கொண்டுவந்த பைன் காய் எங்கள் மன்னார்குடி வீட்டு ஜன்னலில் விரிந்து கிடந்தது. ஐப்பசி அடைமழையில் பார்த்தால் செதில்களை இறுக மூடிக்கொண்டிருக்கிறது! "அப்பா, இதற்கு உயிர் இருக்கிறதா?" என்கிறாள்.

உயிரில்லை. ஒவ்வொரு செதிலின் வெளிப்புறமும் ஈரத்தில் உட்புறத்தைவிட அதிகம் உப்புகிறது. அதனால் செதில் உள்பக்கம் வளைந்து மூடுகிறது. காய்ந்தால் திறக்கிறது. விதை வறண்ட காற்றில் பறந்தால்தானே தூரம் போகும்!

எனக்கு அதைவிட வியப்பு அதன் பொறுமை. மரத்தில் இளங்காயாக இருக்கும்போது, பின்னால் விதையாகும் சூல்கள் செதிலுக்கு இரண்டாக, மூடும் கனியில்லாமல் திறந்தே இருக்கும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துளி திரவம். காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டி உள்ளே போகும். அதன் பிறகு செதில்கள் மூடிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான பைன்களில் கருவுற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். விதை முற்றுவது இரண்டாம் ஆண்டில். கதிர் பூத்து ஒரு மாதத்தில் அரிவாளைத் தீட்டும் ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

"வேதாரண்யம் போகும் வழியில் சவுக்குத் தோப்பில் இதே காய் குட்டியாகக் கிடக்குமே?" என்றாள். அங்கேதான் நானும் பல வருடம் ஏமாந்தேன். சவுக்கு பூக்கும் தாவரம். பைனுக்கு உறவே இல்லை. ஊசியிலை என்று நினைப்பதும் மெல்லிய பச்சைக் கிளைதான், இலைகள் கணுவில் பொடிச் செதில்களாக இருக்கின்றன.

இப்போது காயை அடுப்படியில் காயவைத்திருக்கிறாள். அவள் அம்மா இன்னும் பார்க்கவில்லை.