பாரி வளைவில் 900 ரூபாய்

வேலூர் பக்கம் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் எங்கே போகலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோ கதையை முதலில் சொல்லாமல் எனக்கு மற்றது எதுவும் ஓடாது.

காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து நானும் மாமா பையனும் ஜோலார்பேட்டையில் இறங்கினோம். ஏலகிரி பஸ் இப்போதுதான் போனது என்றார்கள், அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம். ஏலகிரியின் உச்சியான சாமிமலையில் ஏறுவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் மங்கலம் கிராமத்துக்குப் போய்விட வேண்டும், அந்த அவசரம் எங்கள் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும் போல. "மங்கலம் வரைக்கும் அறுநூறு சார், இறங்கும்போது வண்டி காலியாத்தான் வரும்" என்றார் ஒருவர். அதுவும் நியாயம்தானே என்று ஏறிவிட்டோம்.

பொன்னேரி தாண்டினால் மலைப்பாதை, மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: திருவள்ளுவர், கம்பர், இளங்கோ, ஔவையார், பாரதியார் என்று புலவர்கள் ஏழு பேர், மீதி ஏழும் கடையேழு வள்ளல்கள். சரியாகப் பாரி வளைவில் வண்டியை ஓரம் கட்டி, "அறுநூறு அத்தனாவூர் வரைக்கும்தான் சார், மங்கலம்னா இன்னும் முந்நூறு ஆவும்" என்கிறார். முல்லைக் கொடிக்குத் தேரையே விட்டுவிட்டுப் போனவன் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுகொண்டு! "இன்னாண்ணா, ஏறும்போது மங்கலம்னுதானே சொன்னீங்க" என்று மாமா பையன் எகிறினான். "அப்போ இறங்கிக்கப்பா, பின்னாடி பஸ் வரும்." கொண்டை ஊசி வளைவில் எந்த பஸ் நின்று ஆளை ஏற்றும்? 900 கொடுத்தோம். திரும்பும்போது இரண்டு பேரும் பஸ்ஸிலேயே மலை இறங்கினோம், நூறு ரூபாய்கூட ஆகவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன், எரிச்சல் அப்போதுதான் முழுசானது.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 சின்னக் கிராமங்கள். புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா, பஞ்சு மிட்டாய், இதற்கெல்லாம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை, குழந்தைகளோடு போகிறவர்கள் போங்கள். எனக்கு வேண்டியது சாமிமலை. மங்கலத்தில் வீடுகளும் வயலும் முடிந்ததும் ஏற்றம் ஆரம்பித்துவிடுகிறது. முந்தின ராத்திரி மழை பெய்து செம்மண் ஷூ அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. அன்றைக்கு எங்களுக்கு முன்னால் யாரும் ஏறவில்லை என்பது சிலந்தி வலையிலேயே தெரிந்துவிட்டது. பாதைக்குக் குறுக்கே, சரியாக முகம் உயரத்தில், உள்ளங்கை அகலச் சிலந்தி நடுவில் உட்கார்ந்திருக்கும். முதல் வலையை நான் மூக்கால் கிழித்தேன். அதற்கப்புறம் மாமா பையன் ஒரு குச்சியை முன்னால் ஆட்டிக்கொண்டே போனான், ஊதுபத்தி காட்டுகிற மாதிரி. கடைசிப் பகுதி நல்ல செங்குத்து, ஈரப் பாறையில் நாலு காலில்தான் ஏறினேன், வெட்கமில்லை. உச்சி 1,300 மீட்டருக்கு மேல், ஒரு சின்னக் கோயில், சட்டை காது வரைக்கும் பறக்கிற காற்று. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 900 ரூபாய்கூட மறந்தது, கொஞ்ச நேரம்.

அனுமதி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018-ல் குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன, காப்புக்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று அரசே 40 பாதைகளைத் திறந்தது, இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், கட்டணம்தான் என்னை மாதிரி ஆளுக்கு இடிக்கிறது. எந்த மலையானாலும் கீழே வனத்துறை ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள், பாதி வழியில் திருப்பி அனுப்பினால் ஆட்டோக்காசு யார் தருவார்?

சரி, ஆம்பூர். வாணியம்பாடி வந்து பஸ் மாறி, பசி கண்ணை மறைக்கிற நேரத்தில் ஆம்பூரில் இறங்கினோம். சாப்பிட்ட கடை ஒரு சந்துக்குள், வாசலில் விறகு அடுப்பு, அண்டா மூடி மேல் தணல் பரப்பியிருந்தது. இரண்டு நிமிஷம் கழித்து வந்திருந்தால் தம் உடைக்கிற காட்சியைத் தவறவிட்டிருப்போம். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த துணியை அந்த மாஸ்டர் உரித்தார் பாருங்கள், சந்து முழுக்க வாசனை, தெருவில் போன ஒருவர் வண்டியை நிறுத்தியே விட்டார். சீரகச் சம்பா, ஒன்றோடொன்று ஒட்டாத சின்னச் சின்ன அரிசி, காய்ந்த மிளகாய் ஊறவைத்து அரைத்த சிவப்புக் காரம், மசாலா மூக்கைக் குத்துவதே இல்லை. கூடவே புளிப்பாக எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய். சென்னையில் ஆம்பூர் பிரியாணி என்று போர்டு போட்டு மஞ்சள் சாதத்தைத் தட்டுகிறவர்கள் எல்லாரையும் ஒரு நாள் இங்கே கூட்டி வந்து உட்கார வைக்க வேண்டும். நான் இன்னொரு அரை பிளேட் வாங்கினேன், பட்ஜெட் அங்கேயே செத்தது.

முதல் நாளைச் சொல்லவே இல்லை பாருங்கள். உண்மையில் இந்தப் பயணத்திலேயே நல்ல நாள் அதுதான். வேலூரை ஒட்டிய பாலமதி மலை, சைக்கிளில்.

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லும் கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசியை மட்டும் இப்போது சொல்ல முடியாது, ஜலகண்டேஸ்வரரை 1981-லேயே கோட்டைக்குள் திரும்ப வைத்துவிட்டார்கள். மரமில்லாத மலையும் எல்லாப் பக்கமும் உண்மையில்லை. டவுனுக்குக் கிழக்கே இருக்கும் கோட்டை மலைகளைப் பார்த்தால் வெறும் பாறைதான், ஆனால் ஓட்டேரி தாண்டி பாலமதி ரோட்டில் திரும்பினால் இரண்டு பக்கமும் புதர்க்காடு, அதுவும் மழைக்குப் பிறகு இந்த ஐப்பசியில் நல்ல பச்சை.

வாடகைக்கு எடுத்த கியர் சைக்கிள், நாளுக்கு 300, அட்வான்ஸ் 1,000. சத்துவாச்சாரியிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஓட்டேரி வரை பேசிக்கொண்டே வந்தவன் முதல் வளைவுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன், ஒன்றாம் கியருக்குக் கீழே இன்னொன்று இருக்கக் கூடாதா என்று மட்டும் தோன்றியது. மாமா பையன் இருபத்திரண்டு வயது, மேலே ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்து "வாங்கண்ணா, அவ்ளோதான்" என்றான். அந்த அவ்ளோதான் ஆறு தடவை வந்தது. மேலே முருகன் கோயில் பக்கம் போய் நின்றபோது கீழே வேலூர் பாதி பனிக்குள் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் பாலாறு, மணலுக்கு நடுவில் ஒரு கயிறு மாதிரி தண்ணீர். கோட்டை தெரிகிறது என்று அவன் விரல் நீட்டிக் காட்டினான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

இறக்கத்தில்தான் வினை. மூன்றாவது வளைவில் முன் பிரேக் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது, ரப்பர் கருகும் நாற்றம். நிறுத்திப் பார்த்தால் பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மில் உரசிப் பளபளவென்று ஒரு கோடு போட்டிருந்தது. எடுக்கும்போதே பார்க்காதது என் தப்பு. பின் பிரேக்கை மட்டும் நம்பி, செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறின நேரத்தில் பாதியாவது இறங்க ஆனது. கடையில் திருப்பிக் கொடுத்தபோது, கட்டையை நான்தான் தேய்த்தேன் என்று அட்வான்ஸில் 150 பிடித்துக்கொண்டார்கள்! ஒரே காலையில் அதை அவ்வளவு தேய்க்க நான் என்ன மலையையா இழுத்து வந்தேன்?

ஆனால் கடைக்குப் போவதற்கு முன், ஓட்டேரி அருகில் தள்ளுவண்டியில் கேவுரு (கேழ்வரகு) கூழ் விற்ற அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு சொம்பு 20 ரூபாய், மோர் கலந்து, கடித்துக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம். "பைக்கு, பஸ்ஸு எல்லாம் இருக்கசொல்ல இத்த எதுக்கு கண்ணு மெதிச்சினு போற?" என்றார். பதில் இல்லை, இரண்டாவது சொம்பு வாங்கினேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

மூன்றாம் நாள் வள்ளிமலை. வேலூரிலிருந்து பஸ்ஸே போகிறது, படியேறும் மலை, கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துச் சமணக் குகையும் பாறைச் சிற்பங்களும் உண்டு, ஆயிரம் வருஷத்துக்கும் மேலே பழசு. அங்கே இருக்கும் பாறையில் பெயிண்டால் காதலி பெயர் எழுதுகிறவனை என்ன செய்யலாம் என்று நான் யோசித்தது இங்கே எழுதத் தகாது. முட்டி வலியில் பாதி நாள்தான் இருந்தேன், போக வர பஸ்ஸும் டீயும் வடையும் சேர்த்து நூற்றைம்பதுக்குள் முடிந்தது.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் இதையெல்லாம் முயற்சி செய்யாதீர்கள், வேலூர் வெயில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும், நிழலும் கிடையாது. தை மாதம் அமிர்தி வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போகலாம் என்று மாமா பையன் இப்போதே திட்டம் போடுகிறான். அமிர்திக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆட்டோ நம்பர் வேண்டாம்.