ஆச்சியின் ஞானஸ்நானமும் என் ஆலயச் சீட்டும்

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவச் சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள் மார்மன்கள். அவர்களுடைய ஆலயத்துக்குள் போக ஒரு சீட்டு வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் வார்டு பிஷப்போ அவருடைய ஆலோசகரோ தனியறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். பிறகு ஸ்டேக் தலைமையிலிருந்து ஒருவர் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார். வார்டு என்பது கிட்டத்தட்ட நம் ஊர்ச் சபை. பல வார்டுகள் சேர்ந்தது ஸ்டேக். கேள்விகளில் ரகசியம் எதுவும் இல்லை. 2019 அக்டோபர் மாநாட்டில் சபைத் தலைவரே அவற்றை மேடையில் வாசித்தார். தசமபாகம் முழுதாகக் கொடுக்கிறீர்களா என்பதற்குப் பதில் சொல்வது எளிது. காபி, டீ, மது, புகையிலை தொடாமல் இருக்கிறீர்களா என்பதற்கும் அப்படியே. சபையின் மறுசீரமைப்பைப் பற்றிச் சாட்சி உண்டா (அதாவது, மறைந்துபோன ஆதிச் சபையைக் கடவுளே திரும்ப நிறுவினார் என்ற உறுதி உண்டா), சபைக்கு மாறான போதனை எதையாவது ஆதரிக்கிறீர்களா என்று வரும்போதுதான் என்னைப் போன்றவர்களுக்கு நா வறண்டுவிடுகிறது. ஏனென்றால் அதே பட்டியலில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. செய்யும் எல்லாவற்றிலும் நேர்மையாக இருக்க முயல்கிறீர்களா?

எனக்குப் பூர்வீகம் பாளையங்கோட்டைப் பக்கம். தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. குடும்பம். மேற்படிப்புக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்த இடத்தில் மார்மன்களோடு பழகி, விரும்பித்தான் சேர்ந்தேன். "கள்ள உபதேசத்தில் போய் விழுந்துவிட்டாயே" என்று அம்மா அழுதார். நான் பிரசவித்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. வார்டுப் பெண்கள் முறைபோட்டுச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் இணையத்தில் பார்த்து ரசம் வைத்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துவந்தார். எங்கள் பிஷப் பல் மருத்துவர். சபை வேலைக்கு ஒரு காசு சம்பளம் இல்லை, நடு இரவில் கூப்பிட்டாலும் வருவார். இன்னும் ஏன் விலகவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதிலில் பாதி இந்த மனிதர்கள்தான்.

2013 முதல் சபை தன் இணையதளத்தில் சில கட்டுரைகளை வெளியிட்டது. எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று பலரும் ஒதுக்கிவந்த செய்திகள் அவற்றில் இருந்தன. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதில் முகம் புதைத்து, சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய செய்தி இருந்தது. அவர் மணந்த பெண்கள் முப்பது முதல் நாற்பது பேர் வரை இருக்கலாம், அவர்களில் ஒருத்திக்குப் பதினைந்து வயது நிரம்பவில்லை என்றும் இருந்தது. சபை வேதமாக ஏற்கும் ஆபிரகாமின் புத்தகத்தை ஸ்மித் எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்தார் என்பது சபையின் போதனை. அந்தச் சுருள்களின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபையின் கைக்கு வந்தன. அறிஞர்கள் படித்துப் பார்த்தபோது அவை இறந்தவர்களோடு வைக்கும் சடங்கு ஏடுகளாக இருந்தன. ஆபிரகாமின் பெயரே அந்தத் துண்டுகளில் இல்லை. கணவர் பரம்பரை மார்மன். அவருக்கே இவற்றில் பாதி தெரியாது. செய்திகளைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஞாயிறு தவறாமல் வகுப்புக்குப் போய் வளர்ந்த ஒருவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் இருவரையும் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

தோலின் நிறம் பற்றிய போதனை என்னை நேராகவே வந்து தொட்டது. மார்மன் புத்தகத்தில் நேபியின் இரண்டாம் புத்தகம் ஐந்தாம் அதிகாரம், கீழ்ப்படியாத லாமானியர்கள் என்ற மக்கள் மேல் கர்த்தர் கறுத்த தோலை வரச்செய்தார் என்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று 1852இல், ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங் அறிவித்தார். 1978 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது. கறுத்த தோல் சாபத்தின் அடையாளம் என்ற பழைய விளக்கத்தைச் சபை நிராகரிக்கிறது என்று 2013 கட்டுரை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டுக்கான சபையின் பாடநூல் அச்சாகி வந்தபோது அதே விளக்கம் உள்ளே இருந்தது. இணையப் பதிப்பைத் திருத்தினார்கள். அச்சுப் பிரதிகள் அதற்குள் வீடுகளுக்குப் போய்விட்டன. சபையின் உயர்தலைவர்களான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரான கேரி ஸ்டீவன்சன் அந்த ஜனவரியில் பொதுக்கூட்டம் ஒன்றில் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அப்போது நான் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் அச்சுப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவன், அந்த வரியில் நின்றுவிட்டான். சாக்பீஸ் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன. பாவம், அவன் என்ன செய்வான்.

"இந்த விளக்கம் தவறு, சபையே அதைத் திருத்திவிட்டது" என்று சொன்னேன். அதோடு முடித்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். "அந்த வசனத்தில் இருப்பது அதை எழுதிய மனிதரின் வெறுப்பு. அது கர்த்தரின் குரல் என்று நான் நம்பவில்லை" என்றும் சொன்னேன். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோர் ஒருவர் புகார் செய்தார். பிஷப் அழைத்து, கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெற முடியுமா என்று தன்மையாகக் கேட்டார். முடியாது என்றேன். கொஞ்ச நாளில் அந்த வகுப்பிலிருந்து என்னை விடுவித்தார்கள். வழக்கப்படி ஆராதனையில் என் பெயரைச் சொல்லி, நன்றிக்கு அடையாளமாக எல்லோரையும் கை உயர்த்தச் சொன்னார்கள். புகார் செய்தவரும் உயர்த்தினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு ஊரில் ஆச்சி இறந்தார். இறந்த முன்னோருக்காக உயிரோடிருக்கும் ஒருவர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுவது மார்மன் வழக்கம். பிறந்து 110 ஆண்டுகள் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். வார்டில் ஒரு அம்மையார் அன்போடுதான் நினைவுபடுத்தினார். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "ஆச்சிக்கு ஞானஸ்நானம் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆகிவிட்டதே அம்மா" என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவு மார்மன் புத்தகத்தில் மரோனியின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தேவை என்று நினைப்பவர்கள் அந்த நினைப்போடு இறந்தால் நரகத்துக்குப் போவார்கள் என்று எழுதியிருக்கிறது. கண் தெரியாமல் போன பிறகும் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு, வாசலுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டவர் ஆச்சி. அவருடைய ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லும் எந்தப் போதனைக்கும் என்னால் ஆமென் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் சீட்டைப் புதுப்பிக்கும் நாளும் வந்தது. எப்படிப் பதில் சொல்வதென்று முதலில் கணவரிடம் பேசித் தெளிந்துகொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். நேர்காணல் அறையில் நீங்கள் சொன்னது வீட்டில் இருப்பவருக்கு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. கட்டுரைகளையோ வாதங்களையோ கையில் கொண்டுபோகவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். சாட்சி உண்டா என்றபோது, "இந்தச் சபையில் நான் கடவுளைக் கண்டேன். ஜோசப் ஸ்மித் எழுதியதெல்லாம் நடந்த வரலாறு என்று என்னால் சொல்ல முடியாது" என்றேன். மாறான போதனையைப் பற்றிக் கேட்டபோது ஆச்சியைப் பற்றிச் சொன்னேன். "இதைப் பிரசங்கம் செய்துகொண்டு அலையமாட்டேன். கேட்டால் மறைக்கவும் மாட்டேன்" என்றேன். பிஷப் சிறிது நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஸ்டேக் ஆலோசகர் அன்று கையெழுத்துப் போடவில்லை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

இதே பதில்களைப் பக்கத்து ஸ்டேக்கில் சொல்லியிருந்தால் சீட்டு கிடைக்காமல் போயிருக்கலாம். மனசாட்சிப்படி பேசிய ஒருவருடைய கதி, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனதைப் பொறுத்து அமைவது அநியாயம். லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சனை 1993இல் சபையிலிருந்து நீக்கினார்கள். தலைவர்கள் அங்கத்தினர்களை ஒடுக்கிய சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டவர் அவர். நீக்கப்பட்ட பிறகும் 2023இல் இறக்கும் வரை அதே சபை ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். 2019இல் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உள்ளூர்த் தலைவர்கள் இசைந்தும் சபையின் உயர்தலைமை மறுத்துவிட்டது. நான் தளரும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு எட்டு வயது ஆகப்போகிறது. மார்மன் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறும் வயது அது. அவளுக்கு விருப்பம் இருந்தால் பெறட்டும், இல்லையென்றால் காத்திருக்கட்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு முன்பு அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.