புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது

ஒரு பாடத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் பிடிபட்டதுபோல இருக்கும். உண்மையில் வரிகள் கண்ணுக்குப் பழகியிருக்கும், அவ்வளவுதான். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வுக்கு வேண்டியது இரண்டாவது.

உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்ப வாசிப்பவர்கள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிட வெற்றியில்தான்.

செய்முறை எளிது. நான்கைந்து பக்கம் படியுங்கள். மூடுங்கள். வெள்ளைத் தாளில் பத்து நிமிடம், நினைவுக்கு வருவதை எல்லாம் துண்டு துண்டாக எழுதுங்கள்; கையெழுத்து, இலக்கணம் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றும் வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது முட்டிமோதிப் பாருங்கள், பலன் அந்தத் தவிப்பில் இருக்கிறது. பிறகு திறந்து, விட்டதையும் தப்பானதையும் வேறு நிற மையில் திருத்துங்கள். பலர் சோம்பல்பட்டு விடுவது இந்தத் திருத்தத்தைத்தான். அப்படி விட்டால் தப்பாக எழுதியதே மனதில் ஊறிவிடும். அடுத்த முறை அந்த நிற மை இருக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த முறை எப்போது? தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்து, அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இடைவெளி விடலாம். பத்து நாள் இருந்தால் நாளையோ மறுநாளோ. ஒரு மாதம் இருந்தால் நான்கைந்து நாள் கழித்து. கொஞ்சம் மறந்திருக்க வேண்டும், முழுக்க மறந்திருக்கக் கூடாது.

கணக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே மாதிரிக் கணக்குகள் இருபதை வரிசையாகப் போட்டால் கை வேகமாக ஓடும். ஆனால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்துவிடுகிறது. உளவியலாளர்கள் ரோரர், டெய்லர் இருவரின் 2007 ஆய்வில், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் எடுத்தது 20 சதவீதம். கலந்து போட்டவர்கள் 63. கலந்து போட்டவர்கள் திணறியது பயிற்சியின்போது மட்டும்தான். அதனால்தான் இந்த முறையை நிறையப் பேர் பாதியில் கைவிடுகிறார்கள். முதல் நாள் புதுப் பாடத்தில் நான்கைந்து கணக்கு போட்டுப் பழகுங்கள். அதன்பின் பழைய பாடக் கணக்குகளோடு சீட்டுபோலக் கலைத்து, தலைப்பை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

வண்ண மார்க்கரா? பக்கம் அழகாக இருக்கும். அதே வாக்கியத்தை ஓரத்தில் ஒரு கேள்வியாக மாற்றி எழுதிவைத்தால், மறுநாள் கையால் பத்தியை மறைத்துக்கொண்டு உங்களையே கேட்டுப் பார்க்கலாம்.