பந்தைத் தொடாமல் மேலேறுபவர்கள்

1995 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், அமெரிக்கக் கால்பந்து அணியான டென்வர் பிராங்கோஸுக்காக, ஆட்டத்தைத் தொடங்க உதைக்கப்படும் கிக்ஆஃப்பைத் துரத்தி ஓடிய டெரல் டேவிஸ், பந்தை ஏந்தி வந்த சான் பிரான்சிஸ்கோ வீரரை ஒரே மோதலில் நிலைகுலைத்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவரை, கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், அணி ஆறாவது சுற்றில் 196ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் வரிசையில் அவர் கடைசியில் இருந்தார். பயிற்சியாளர்களின் கண்ணை அவர் பக்கம் திருப்பியது, அவருடைய சொந்த வேலையே அல்லாத அந்த மோதல்தான். 1998இல் அவர் 2,008 யார்டு ஓடினார். 2017இல், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

கல்லூரிக் கால்பந்து வீரர்களின் முன்னேற்றத்தைப் பேசும்போது தொலைக்காட்சி, பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச்டவுன்களையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, ஏனெனில் பெரும்பாலான வீரர்களுக்கு மேலே செல்லும் வாசல், பந்து உதைக்கப்படும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸிலும், எதிராளியை உடலால் மறித்துத் தள்ளும் பிளாக்கிங்கிலும்தான் இருக்கிறது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணி ஒன்றில் 53 பேருக்கே இடம். ஆட்ட நாளில் அதிகபட்சம் 48 பேரே களமிறங்கலாம். ஆகவே நான்காவது ரிசீவரையோ (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) மூன்றாவது சேஃப்டியையோ (பின்வரிசைத் தடுப்பாளர்) தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர், அவர் பன்ட்டையும் (பந்தை எதிரணியிடம் விட்டுத் தொலைவுக்கு உதைப்பது) கிக்ஆஃப்பையும் துரத்தக்கூடியவரா, திரும்பி வரும் பந்துக்கு வழியமைக்கக்கூடியவரா என்பதையே முதலில் கேட்கிறார். இல்லையென்றால், எவ்வளவு அழகாகப் பந்து பிடித்தாலும் அவருக்கு அந்த 48இல் இடம் கிடைப்பது அரிது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக 1987 முதல் 2015 வரை இருந்த ஃபிராங்க் பீமர் இதை நன்கு உணர்ந்தவர். ஸ்பெஷல் டீம்ஸைத் தாமே நேரடியாகக் கவனித்துக்கொண்ட அவர், தாக்குதலிலும் தடுப்பிலும் முதன்மையாக ஆடியவர்களையும் அதில் இறக்கினார். நட்சத்திர வீரரே பன்ட்டைத் தடுக்கப் பாயும் அணியில், அதைத் தாழ்ந்த வேலையென்று இளையவர் எவரும் எண்ண முடியாது.

பிளாக்கிங்கின் மதிப்பை உணர ஜார்ஜ் கிட்டிலைப் பார்த்தாலே போதும். ஓட்ட ஆட்டத்தையே நம்பிய அயோவா பல்கலைக்கழகத்தில், பிளாக் செய்வதும் பந்து பிடிப்பதுமான டைட் எண்டாக ஆடிய அவர், கல்லூரிக் காலம் முழுவதும் பிடித்த பந்துகள் ஐம்பதைக்கூட எட்டவில்லை. தம்மைவிடக் கனமான தடுப்பாளர்களைத் தாழ்ந்த தோளோடும் நில்லாத கால்களோடும் தள்ளி நகர்த்துவதே அவருடைய அன்றாட வேலையாக இருந்தது. 2017இல் ஐந்தாவது சுற்றில் சான் பிரான்சிஸ்கோ அணிக்குச் சென்றவர், மறு ஆண்டே பந்து பிடித்து 1,377 யார்டு முன்னேறி, டைட் எண்டுகளுக்கான அன்றைய சாதனையை முறியடித்தார். நன்றாக பிளாக் செய்பவரைக் களத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டியதில்லை; அவர் களத்தில் நின்றால் அடுத்து வருவது ஓட்டமா, பந்தை எறியும் பாஸா என்று எதிரணியால் ஊகிக்க முடியாது. அவருக்குப் பந்து வரும் வாய்ப்பும் அப்படித்தான் பெருகுகிறது.

பந்து வராமலே ஒரு வாழ்க்கை நிறைவதும் உண்டு. யு.சி.எல்.ஏ.விலிருந்து 2008இல் ஐந்தாவது சுற்றில் நியூ இங்கிலாந்து அணிக்கு வந்த மேத்யூ ஸ்லேட்டர், ரிசீவர் என்று பட்டியலிடப்பட்டும் 16 ஆண்டுகளில் பிடித்தது ஒரே ஒரு பாஸ். பன்ட் ஆட்டத்தில் ஓரத்திலிருந்து பாய்ந்து ஓடும் கன்னராகவே அவர் பத்து முறை, சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வானார்.

ஆனால் கல்லூரியில் கற்றது அப்படியே மேலே செல்லுபடியாகாது. கல்லூரி விதிப்படி, பன்ட் ஆட்டத்தில் பந்து பின்னோக்கி எறியப்பட்டதுமே எல்லோரும் முன்னே ஓடலாம், என்.எஃப்.எல்.லிலோ பந்து உதைக்கப்படும் வரை ஓரத்து இருவர் மட்டுமே ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டலாம், மற்றவர்கள் நின்று பிளாக் செய்யவேண்டும். 2024இல் அங்கு கிக்ஆஃப் விதியும் மாறியது. உதைக்கும் அணியின் பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நின்று, பந்து தரையைத் தொடும்வரையோ எதிரணியின் கைக்குச் சேரும்வரையோ அசையாமல் காத்திருக்கிறார்கள். எதிரே பிளாக் செய்ய நிற்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து யார்டு தொலைவிலேயே இருக்கிறார்கள். நீண்ட ஓட்டத்தின் வேகத்துக்கு இருந்த முதலிடம் அங்கே குறைந்து, குறுகிய இடத்தில் கைகளால் எதிராளியை நிறுத்தவும் விலக்கவும் தெரிந்தவரின் மதிப்பு கூடியிருக்கிறது. கல்லூரியில் டைட் எண்டாகவோ, ஓடுபவருக்கு முன்னே வழியமைக்கும் ஃபுல்பேக்காகவோ ஆண்டுக்கணக்கில் பிளாக் செய்து பழகியவர்களுக்கு அது முன்னெப்போதையும்விட உகந்த களம்.