தாடை எங்கப்பா?

ஏப்ரல் 12, சனி

காலை ஆறரை. கேளம்பாக்கம் – கோவளம் சாலையோரக் கழிமுகத்தில் ஒரு சேற்றுத்திட்டு. முப்பது நாற்பது கொசு உள்ளான்கள் (லிட்டில் ஸ்டின்ட் என்கிற குட்டிக் கரைப்பறவை), தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. வலசை முடிந்து ஊருக்குக் கிளம்பும் மாதம் என்பதால் சாம்பல் இறகு உதிர்ந்து பாதி உடம்பில் செம்பழுப்பு ஏறியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் முகம், கழுத்து எல்லாம் செங்கல் நிறம். ரெட் நெக்ட் ஸ்டின்டா? சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம் போகிற பறவை. நம் கரையில் அபூர்வம். கை நடுங்கி முதல் இருபது படமும் குப்பை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கால் கறுப்பு. இதே சாயலில் இருக்கும் டெம்மிங்க் ஸ்டின்டுக்கும் லாங் டோட் ஸ்டின்டுக்கும் மஞ்சள் கலந்த கால், ஆக அவை இல்லை. (சேறு அப்பினால் எல்லாக் காலும் கறுப்புதான். நல்லவேளை, ஒரு படத்தில் தண்ணீரில் நிற்கிறது.) ரெட் நெக்ட் ஸ்டின்டுக்குக் கால் கொஞ்சம் குட்டை என்கிறது கையேடு. அறுபது மீட்டர் தள்ளி, கானலில், இருபது முப்பது கிராம் பறவைக்கு எந்தக் குட்டையை அளப்பது?

படங்களைப் பறவை விஷயத்தில் நான் கேட்கும் சாருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: “தாடை எங்கப்பா?”

அதானே. கொசு உள்ளான் எவ்வளவு சிவந்தாலும் தாடையும் தொண்டையும் வெள்ளை. புள்ளிகள் சிவப்பின் மேலேயே இருக்கும். ரெட் நெக்ட் ஸ்டின்டுக்குத் தொண்டை வரை புள்ளியில்லாத சிவப்பு, புள்ளிகள் அதற்குக் கீழே வெள்ளையில். என் படங்களில் எல்லாம் குனிந்த தலை.

ஏப்ரல் 14, திங்கள்

“நாள் கிழமையும் அதுவுமா எங்கடா கிளம்பிட்ட? சரி, வரும்போது வேப்பம்பூ பறிச்சிட்டு வா” என்றாள் அம்மா.

இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி இறால் தடவிக்கொண்டிருந்த அக்கா, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, “இந்த உள்ளானுக்கா இம்மாந்நேரம் குந்தினுகீறீங்க?” என்றார். சிரித்துவைத்தேன்.

ஏழேகாலுக்கு ஒரு செம்பருந்து தலைக்கு மேலே போனது. கூட்டம் அப்படியே உறைந்தது. என்னுடையது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தது. ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) தெளிவாக, அலகுக்குக் கீழே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் தாடை. சிவப்பின் மேலே பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

கொசு உள்ளான்தான். சாருக்கு “வெள்ளை” என்று மட்டும் அனுப்பினேன்.

வேப்பம்பூ மறந்தே போச்சு.

ஏப்ரல் 19, சனி

திட்டில் ஆறே ஆறு. செங்கல் முகத்துக்காரனைக் காணோம்.